தொலைவழிக்கு மூட்டை கட்டுதல்

நெடும்பயணம் என்றதும் வீடு பரபரப்படைகிறது. புளிச்சோறு, முறுக்கு, தலையணை, மாற்றுடை எனப் பட்டியல் நீள்கிறது. இவை வேண்டா என்று நான் சொல்ல வரவில்லை. ஆயினும், காரில் தொலைதூரம் செல்வோர் மூட்டை கட்டுவதற்கும் ஓர் ஒழுங்கு உண்டு. மாணவர்களாகிய உங்களுடன் அதைப் பற்றிச் சிறிது பேச விரும்புகிறேன்.

மோட்டார் வண்டியில் ஒருவர் முதன்முதல் நெடுந்தொலைவு சென்றது 1888-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில், ஜெர்மனி நாட்டில். வண்டியை அமைத்தவர் கார்ல் பென்ஸ். அவர் அறியாமலே அவருடைய மனைவி பெர்த்தா, புதல்வர் இருவரையும் அழைத்துக்கொண்டு மான்ஹைம் நகரிலிருந்து ஃபோர்ட்ஸ்ஹைமில் இருந்த தாய்வீட்டுக்குப் புறப்பட்டார். தொலைவு ஏறத்தாழ 100 கிலோமீட்டர். அந்நாளில் பெட்ரோல் நிலையம் ஏது? வீஸ்லோக் என்னும் ஊரில் மருந்துக்கடையில் லிக்ராயின் என்ற எண்ணெயை வாங்கி ஊற்றினார். எரிபொருட் குழாய் அடைத்துக்கொண்டபோது, தொப்பியில் செருகும் ஊசியால் குத்தி அடைப்பை நீக்கினார். தடைக்கட்டை தேய்ந்தபோது, செருப்புத் தைக்கும் தொழிலாளியைக் கொண்டு அதன்மேல் தோல் பொருத்தச் செய்தார். வண்டி நின்றுவிட்டால் என்ன செய்வது என்ற கேள்வி அன்றே பயணத்துடன் பிறந்துவிட்டது.

அக்கேள்வியை மனத்திற்கொண்டே நாமும் மூட்டை கட்டவேண்டும். வழியில் கிடைக்காத பொருளுக்கே முதலிடம். சட்டையை மறந்தால் திருச்சியில் வாங்கிக்கொள்ளலாம். ஆனால், பாட்டி நாள்தோறும் உட்கொள்ளும் மாத்திரையும், மருத்துவர் எழுதிய சீட்டும், மூக்குக்கண்ணாடியும் நள்ளிரவில் எந்தக் கடையில் கிடைக்கும்? குடிநீர், முதலுதவிப் பெட்டி, கைவிளக்கு ஆகியவையும் இவ்வரிசையைச் சேர்ந்தவையே. ஆம்புலன்சுக்கு 108, தேசிய நெடுஞ்சாலை உதவிக்கு 1033 என்னும் எண்களையும், வீட்டாரின் எண்களையும் ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். கைப்பேசியில் மின்சாரம் தீர்ந்தாலும் தாளில் எழுதியது மறையாது.

அடுத்தது, வேண்டும்போது கைக்கு எட்டுமாறு வைத்தல். நாம் ஸ்டெப்னி என்று அழைக்கும் உதவிச் சக்கரத்துக்கு அப்பெயர் வந்தது ஒரு தெருவால். வேல்ஸ் நாட்டு லானெல்லி நகரின் ஸ்டெப்னி தெருவில் டேவிஸ் சகோதரர்கள் 1904-இல் அதனைச் செய்து விற்கத் தொடங்கினர். ஒருநாள் இரவு, விழுப்புரத்துக்குத் தெற்கே சாலையோரத்தில் ஒரு குடும்பம் நிற்கக் கண்டேன். ஸ்டெப்னி இருந்தது; ஆனால் ஏழெட்டு மூட்டைகளின் அடியில் இருந்தது. எல்லாவற்றையும் இறக்கி அதை வெளியே எடுத்தால், அதில் காற்றில்லை! லாரிகள் விரையும் சாலையின் ஓரத்தில், இருளில், குழந்தைகள் காத்து நின்றார்கள். புறப்படுமுன் அதன் காற்றைப் பார்த்து, ஜாக்கியையும், சிவப்பு முக்கோண எச்சரிக்கைப் பலகையையும் எளிதில் எடுக்கும்படி வைத்திருந்தால் அந்த இடர் பெரும்பாலும் குறைந்திருக்கும். புதிய வண்டிகள் சிலவற்றில் ஸ்டெப்னிக்குப் பதிலாகப் பஞ்சர் அடைக்கும் கருவியே உண்டு. உங்கள் வண்டியில் எது இருக்கிறது என்பதை வீட்டிலேயே பார்த்துக்கொள்ளுங்கள்.

இறுதியாக, கட்டாத பொருள் பகையாகும். நியூட்டனின் முதல் விதியை நீங்கள் படித்திருக்கிறீர்கள். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வண்டி மோதி நின்றால், உள்ளே தளர்வாகக் கிடக்கும் பொருள் அதே வேகத்தில் முன்னே பாயும். ஏறத்தாழ 14 மீட்டர் உயரத்திலிருந்து விழும் பொருள் அடையும் வேகம் அது. பின்னிருக்கையில் வைத்த 20 லிட்டர் தண்ணீர்க் கேன் 20 கிலோகிராமுக்குக் குறையாது. அது முன்னே அமர்ந்திருப்பவர் மேல் பாய்ந்தால் என்னாகும்? ஆகவே, கனமானவற்றைப் பொருட்பெட்டியின் அடித்தளத்தில், இருக்கையின் முதுகை ஒட்டி வைத்துக் கட்டுங்கள். மனித உடலுக்கும் அதே விதிதான். பின்னிருக்கையில் அமர்வோரும் வார் அணிந்தாக வேண்டும்.

அடுத்த பயணத்தில் மூட்டை கட்டும் பொறுப்பைப் பெரியோரிடமிருந்து நீங்கள் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். உடன் வருவோர் அனைவரும் நலமாக வீடு திரும்புவதில் உங்கள் கைக்கும் பங்கு இருக்கட்டும்.