கதை சொல்லும் பொறியும் உம் கொட்டும் செவியும்

(சங்கத்தின் இலக்கிய வட்டக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



நம் சங்க மேடையில் வழக்கமாகக் காப்பியங்களைப் பற்றியும் பக்திப் பாடல்களைப் பற்றியும் பேசக் கேட்டிருக்கிறோம். இன்று இளைஞர் பகுதியினர் எனக்கு அளித்துள்ள பொருள் சற்றுப் புதியது. மேசையைச் சுற்றி அமர்ந்து ஆடும் கதையாட்டத்திற்குச் செயற்கை நுண்ணறிவைக் கொண்டு கதை ஆக்கலாமா என்பதே அது. விளையாட்டைப் பற்றி ஓர் உரையா என்று பெரியோர் சிலர் எண்ணலாம். நம் குடியிருப்புப் பிள்ளைகள் விடுமுறை நாள் மாலையில் கைப்பேசியை ஒதுக்கி வைத்துவிட்டு, ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்து மணிக்கணக்காகப் பேசும் இடம் ஒன்று உண்டு என்றால், அதைப் பற்றி அறிந்துகொள்வது நம் கடமையன்றோ?

முதலில் இவ்வாட்டம் யாது என்பதைக் கூறிவிடுகிறேன். இவ்வகை ஆட்டங்களுக்கு முதலாகக் கருதப்பெறும் 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' 1974-ஆம் ஆண்டில் அமெரிக்க நாட்டில் வெளிவந்தது. விஸ்கான்சின் மாநிலத்து லேக் ஜெனீவா என்னும் சிற்றூரில் வாழ்ந்த கேரி கைகாக்ஸ் என்பவரும், மினசோட்டா மாநிலத்தவரான டேவ் ஆர்னசன் என்பவரும் அதனை ஆக்கினர். சிறு பொம்மைப் படைகளை மேசைமீது நகர்த்தி ஆடும் போர் விளையாட்டிலிருந்து பிறந்தது அது. படை முழுவதையும் நடத்துவதை விடுத்து, ஒவ்வொருவரும் ஒரே ஒரு மாந்தராக மாறிப் பேசவும் செயற்படவும் தொடங்கியதே அதிலுள்ள புதுமை.

ஒருவர் ஆட்டத் தலைவராக அமர்வார். காட்டையும் கோட்டையையும் சந்தையையும் அவர் சொல்லாலே எழுப்புவார். மற்றவர்கள் வீரராகவும் மருத்துவராகவும் திருடராகவும் நின்று, "நான் இதைச் செய்கிறேன்" என்பர். ஐயம் எழும் இடத்தில் பகடை தீர்ப்பளிக்கும். அந்தப் பகடைக்கு இருபது முகங்கள் இருப்பதும் உண்டு.

அன்பர்களே! இவ்வாட்டத்தில் பெருஞ்சுமை தாங்குபவர் ஆட்டத் தலைவரே. ஒரு மாலைப் பொழுதுக்கு ஓர் ஊர் வேண்டும். அவ்வூரில் பத்துப் பேர் வேண்டும். பத்துப் பேருக்கும் பெயரும் தொழிலும் பகையும் வேண்டும். வேலைக்குப் போய்வரும் ஒருவர் இத்தனையையும் எப்போது ஆக்குவார்? இத்துன்பம் இன்று தோன்றியதன்று. 1979-ஆம் ஆண்டில் கைகாக்ஸ் எழுதி வெளிவந்த ஆட்டத் தலைவர் கையேட்டில் பல பட்டியல்கள் இடம்பெற்றன. பகடையை உருட்டினால் நிலவறையின் வழி எத்திசையில் திரும்பும், அங்கே என்ன விலங்கு நிற்கும், என்ன புதையல் கிடக்கும் என்பதை அப்பட்டியல்கள் கூறும். கதைக்குக் கருவியின் துணையை நாடுவது அன்றே வந்த வழக்கம் என்பதை மறத்தலாகாது.

பின்னர்க் கணிப்பொறி வந்தது. 2019-ஆம் ஆண்டில் யூட்டா மாநிலத்தைச் சேர்ந்த நிக் வால்டன் என்பவர் 'ஏஐ டன்ஜன்' என்னும் ஆட்டத்தை வெளியிட்டார். அதில் பொறியே ஆட்டத் தலைவர். 2022 நவம்பர் 30-ஆம் நாள் 'சாட்ஜிபிடி' பொதுமக்களுக்குத் திறந்துவிடப்பட்டது. அதன்பின் கேட்டவர்க்கெல்லாம் ஊரும் பேரும் கதையும் நொடியில் கிடைக்கலாயின. 2023-ஆம் ஆண்டில் பென்சில்வேனியாப் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர் 'கலிப்சோ' என்னும் கருவியைச் செய்து, ஆட்டத் தலைவர்களிடம் அளித்துப் பார்த்தனர். ஆட்டத் தலைவரை அகற்றுவது அதன் நோக்கமன்று. அவருக்குத் துணை நிற்பதே நோக்கம். அப்படியே படித்துக் காட்டத்தக்க வருணனைகளும், தாமே வளர்த்துக்கொள்ளத்தக்க கருத்து வித்துகளும் அதனிடம் கிடைத்தன என்று அவர்கள் கூறினர்.

இனி, பழைய பட்டியலுக்கும் புதிய பொறிக்கும் உள்ள வேற்றுமையைக் காண்போம். பகடைக்குக் கண் இல்லை. அதனாலேயே அது வியப்பைத் தரும், மடைப்பள்ளியில் முதலையை வைக்கும், "ஏன் வந்தது இம்முதலை?" என்று நம்மைச் சிந்திக்க வைக்கும். செயற்கை நுண்ணறிவோ ஏராளமான எழுத்தைக் கற்றது. ஒரு சொல்லை அடுத்து எச்சொல் வரத்தக்கது என்று கணித்துக் கணித்துத் தொடர் அமைப்பது. ஆதலின் வழக்கமானதே அதன் வாயில் முதலில் வரும். சிற்றூர்ச் சத்திரம் ஒன்று கேளுங்கள். அடுப்பில் நெருப்பு எரியும், மூலையில் முக்காடிட்ட அந்நியன் அமர்ந்திருப்பான். வீராங்கனைக்குப் பெயர் கேளுங்கள். 'எலாரா' என்ற பெயர் மீண்டும் மீண்டும் வருவதை ஆடுவோர் பலர் கண்டு நகைத்திருக்கின்றனர்.

கேட்கும் முறையில் கேட்டால் விடையும் திருந்தும். "ஆற்றைக் கடக்க ஒரே ஓடம், ஓடக்காரி சுங்கக்காரனுக்குக் கடன்பட்டவள், இன்றிரவு உப்பு வணிகர் மூவர் அக்கரை சேர வேண்டும், அவருள் ஒருவர் பொய்யர். மூவருக்கும் மூன்று காரணங்கள் கூறுக" என்று கேட்டுப் பாருங்கள். பயனுள்ள விடை வரும். ஏன்? முடிச்சை இட்டவர் நீங்கள்; நூலை மட்டுமே பொறி தந்தது.

வேறு இரண்டு குறைகளும் உண்டு. ஒரே கதை மாதக்கணக்கில் தொடரும் ஆட்டம் இது. பொறி ஒரே நேரத்தில் கருத்தில் கொள்ளும் எழுத்துக்கு ஓர் எல்லை உண்டு. குறிப்பு எழுதிக் கொடுக்காவிடில், முதல் மாதத்தில் மாண்ட மன்னன் மூன்றாம் மாதத்தில் எழுந்து வந்து விருந்து வைப்பான்! மற்றொன்று, இணங்கிப் போகும் இயல்பு. "என் பையில் மந்திர வாள் இருக்கிறது" என்று ஆடுபவர் கூறினால், பொறி பெரும்பாலும் "ஆம், இருக்கிறது" என்று விடும். நல்ல ஆட்டத் தலைவரோ "பகடையை உருட்டு" என்பார். தோல்விக்கு இடமில்லாத ஆட்டத்தில் வெற்றிக்குச் சுவை ஏது?

கலைஞர் தம் உரிமையையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும். 2023-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில், 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' நூல் ஒன்றின் ஓவியங்களில் இப்பொறியின் கை கலந்திருந்தது தெரிய வந்தது. பெரும் எதிர்ப்பு எழுந்தது. வெளியிட்ட 'விசார்ட்ஸ் ஆப் தி கோஸ்ட்' நிறுவனம் தன் ஓவியர் அதனைப் பயன்படுத்தலாகாது என்று விதி செய்தது. 'பைசோ' நிறுவனம் அதே ஆண்டின் தொடக்கத்திலேயே அவ்வாறு அறிவித்திருந்தது. பொறி கற்ற எழுத்தும் ஓவியமும் மனிதர் உழைத்து ஆக்கியவை. வீட்டு மேசையில் நண்பருக்காகப் பயன்படுத்துவது வேறு. தம் பெயரிட்டு விற்பது வேறு.

இனி, நம் வீட்டுக்கு வருகிறேன். தமிழ்நாட்டைவிட்டு நெடுந்தொலைவில் வாழும் நம் பிள்ளைகளுக்குத் தமிழ் எதற்குப் பயன்படுகிறது? "சாப்பிட வா", "குளித்துவிட்டு வா", "பாடத்தைப் படி" என்னும் மூன்று கட்டளைகளுக்குள் அது சுருங்கிவருகிறது. இக்கதையாட்டத்தைத் தமிழிலே ஆடினால் நிகழ்வது யாது? பேரம் பேசவும், சூளுரைக்கவும், பொய்யைப் பொய்யால் மடக்கவும், அடிபட்ட தோழனைத் தேற்றவும் தமிழ் வேண்டும். வேண்டியபோது அவர்கள் தேடுவர், தேடியதை மறவார்.

அந்நிலையில் பொறி எழுதிய பக்கத்தை ஆட்டத் தலைவர் படித்துக் காட்டினால் பயன் என்ன? இணையத்தில் ஆங்கில எழுத்தை நோக்கத் தமிழ் எழுத்து மிகக் குறைவு. பொறியின் தமிழில் ஆங்கில வாடை வீசுவது அதனால்தான். அதைவிடப் பெரிய இழப்பு வேறொன்று. நம் பாட்டிமார் கதை சொல்லுகையில், கேட்கும் குழந்தை "உம்" கொட்ட வேண்டும். அந்த "உம்" தளர்ந்தால் பாட்டி அரக்கனை விரைவில் வரவழைப்பார். அச்சத்தால் நடுங்கினால் அரக்கனை ஆற்றுக்கு அப்பால் நிறுத்துவார். நின்றுவிட்டால் போர்வையை இழுத்து மூடிக் கதையை நாளைக்கு வைப்பார். பாட்டியின் கதை பாதி அவருடையது, மறுபாதி "உம்" கொட்டியவருடையது.

மேசையில் அமர்ந்த கூச்சமுள்ள சிறுமி ஒருத்தி இன்று முதன்முறையாக வாய் திறக்க முயல்கிறாள் என்பதை எந்தப் பொறி காணும்? எழுதி வைத்த பத்துப் பக்கத்தை மடித்து வைத்துவிட்டு, அவள் கேட்ட ஓடக்காரியின் நாய்க்குட்டியைப் பற்றி ஒரு மணி நேரம் கதை நடத்தும் துணிவு ஆட்டத் தலைவருக்கே உண்டு. அவ்வொரு மணி நேரமே அன்றைய ஆட்டம்.

ஆதலின் இளைஞர்களே, பொறியை வெறுக்க வேண்டா, வணங்கவும் வேண்டா. பெயர்ப் பட்டியல், கடைச் சரக்கின் விலை, சென்ற வாரக் கதைச் சுருக்கம் ஆகிய ஏவல் வேலைகளை அதனிடம் தாருங்கள், தந்ததைச் சரிபாருங்கள். கதையின் முடிச்சு, பகைவனின் உள்ளக் காரணம், முடிவு ஆகிய மூன்றையும் உங்கள் கையிலேயே வைத்துக்கொள்ளுங்கள். மேசையில் பேசும் சொல் உங்கள் சொந்தத் தமிழாக இருக்கட்டும், பிழைபட்டாலும் இழுக்கில்லை.

பெற்றோர்களுக்கும் ஒரு விண்ணப்பம். அடுத்த முறை பிள்ளைகள் மேசையைச் சுற்றி அமரும்போது, ஒரு நாற்காலியை நீங்களும் இழுத்துப் போட்டுக்கொள்ளுங்கள். ஆடத் தெரியாவிட்டால் என்ன? "உம்" கொட்டத் தெரியுமன்றோ!