தலைக்காயத்துக்குப் பின் மீண்டும் ஆபீஸ்

(அந்தமான் ஸ்ரீ விஜயபுரத்தில் அன்பர்கள் கூட்டத்தில் ஆற்றிய உரை)



இவ்வூர் போர்ட் பிளேராக இருந்த 1980களில் இங்கே ஒரு செக்ஷனுக்கு அதிகாரியாக இருந்தேன். ஒரு மழை நாளில் என் கிளார்க் ஒருவர் ஸ்கூட்டரிலிருந்து விழுந்து தலையில் பலத்த அடி. ஹெல்மெட் கிடையாது. விமானத்தில் மெட்ராஸுக்குக் கொண்டுபோனார்கள். மூன்று மாதம் கழித்து ஃபிட்னஸ் சர்டிபிகேட்டோடு வந்து நின்றார். நன்றாக நடந்தார், சிரித்துப் பேசினார். எனக்கு அது போதுமாக இருந்தது. தேங்கிக் கிடந்த ஃபைல்களை முதல் நாளே அவர் மேஜைக்கு அனுப்பினேன்.

இரண்டாவது வாரம் ஒரே பில்லை இரண்டு தடவை பாஸ் செய்ய எழுதிவிட்டார். மெமோ கொடுத்தேன். "கீழ்ப் பாராவைப் படிக்கறப்போ மேல் பாரா மறந்துபோயிடுது சார்" என்றார். சாக்குச் சொல்கிறார் என்று நினைத்தேன். சாயங்காலம் வீடு திரும்பியதும் விளக்கை அணைத்துப் படுத்துவிடுகிறார், குழந்தைகள் பேசினாலே எரிந்து விழுகிறார் என்று அவர் மனைவி என் சம்சாரத்திடம் அழுத பிறகுதான் எனக்கு உறைத்தது. அதற்குள் அவரே டெஸ்பாட்சுக்கு மாற்றல் கேட்டிருந்தார். நிம்மதியாகக் கையெழுத்துப் போட்டேன். பிரமோஷன் முறை வந்தபோது அந்த மெமோ குறுக்கே நின்றது.

பி.எஸ்ஸி. பௌதிகம் படித்த எனக்கு இது தெரிந்திருக்க வேண்டும். பிரேக் போட்டால் பஸ்ஸில் நிற்பவர் முன்னே சாய்கிறார் அல்லவா? மண்டை நின்ற பிறகும் உள்ளே மூளை அப்படித்தான் அசைகிறது. மெல்லிய நரம்பிழைகள் இழுபட்டு அறுகின்றன. ஸ்கேனில் எல்லாம் தெரிந்துவிடாது. காயம் ஆறிய பின்னும் களைப்பும் மறதியும் மாதக்கணக்கில் நீடிக்கலாம்.

கிரிக்கெட் கேப்டன் நாரி கான்ட்ராக்டரை மூத்தவர்களுக்கு நினைவிருக்கும். 1962 மார்ச்சில் பார்படாஸில் கிரிஃபித் வீசிய பந்து தலையைத் தாக்கி மண்டையோடு உடைந்தது. பின்னர் அவர் தலையில் உலோகத் தகடு பொருத்தியவர் வேலூர் டாக்டர் ஜேக்கப் சாண்டி. தேறி, 1970 வாக்கிலும் முதல்தர ஆட்டங்கள் ஆடிக்கொண்டிருந்தார். ஆனால் டெஸ்ட் அணிக்கு மறுபடி அவரை எடுக்கவே இல்லை. அந்தத் தகட்டை 2022இல்தான் எடுத்தார்கள்.

அரசு ஊழியர்களுக்கு இன்று சட்டத் துணை உண்டு. 2016 மாற்றுத்திறனாளிகள் சட்டம், பிரிவு 20(4): பணிக்காலத்தில் ஊனம் ஏற்பட்டவரை நீக்கவோ பதவி இறக்கவோ கூடாது, பழைய வேலை முடியாவிட்டால் அதே சம்பளத்தில் வேறு வேலை தரவேண்டும். அதற்கு ஊனச் சான்றிதழ் வேண்டும். தலையில் அடிபட்ட எல்லோருக்கும் அது கிடைத்துவிடாது. தனியார் கம்பெனிகளை இந்த உட்பிரிவு கட்டுப்படுத்தாது. அங்கே மேலதிகாரியின் மனசுதான். முதலில் அரை நாள் வேலை, சத்தமில்லாத இடம், ஒரு சமயத்தில் ஒரு ஃபைல், சொல்வதை எழுதிக் கொடுப்பது. இதற்கு எந்த ஜி.ஓ.வும் வேண்டாம்.

மாற்றலாகி நான் கப்பல் ஏறிய அன்று அவர் ஹாடோ துறைமுகத்துக்கு வந்திருந்தார். பையிலிருந்து சின்ன நோட்டை எடுத்துப் பார்த்து, "சாருக்கு கேபின் பதினாலு, சரிதானே?" என்றார். சரியாகத்தான் எழுதி வைத்திருந்தார்.