அன்னதானமும் அன்றாடச் சோறும்

ஊவா மாகாணத்தில் சோறிடும் அறம் என்றதும் கதிர்காமம்தான் நினைவுக்கு வரும். ஆடிவேல் காலத்தில் கால்நடையாக வந்த அடியார்களுக்கு அங்கே இராமகிருஷ்ண மிஷன் மடம் பல்லாண்டு அன்னமிட்டது. பெற்றோரை இழந்த பிள்ளைகளுக்குச் சோறு போடுவது அதைவிடக் கடினமான வேலை. அடியார் உண்டு ஊர் திரும்புவார். பிள்ளையோ மறுநாளும் அதே பந்தியில் வந்து உட்காரும்.

அந்த வேலைக்கு முன்மாதிரி தூரத்தில் இல்லை. பதுளையிலிருந்து பிபிலை, மகா ஓயா வழியாக இறங்கும் வீதி செங்கலடியில் முடிகிறது. அங்கிருந்து சற்றுத் தெற்கே மட்டக்களப்பு, கல்லடி உப்போடை. 1924இல் துறவு பூண்ட சுவாமி விபுலாநந்தர், 1929இல் அங்கே சிவானந்த வித்தியாலயத்தைத் திறந்தார். பெற்றோரற்ற, வறிய பிள்ளைகளுக்கான மிஷன் இல்லமும் அங்கேயே வளர்ந்தது. சோறும் படிப்பும் ஒரே இடத்தில் கிடைக்க வேண்டும் என்பதே அந்த ஏற்பாட்டின் சிறப்பு.

தோட்டப்புறத்தில் இதன் தேவையை 2014 ஒக்டோபர் 29 காட்டியது. கொஸ்லாந்தைக்கு அருகே மீரியபெத்த தோட்டத்தில் காலை வேளையில் மண் சரிந்து லயங்களை மூடியது. பள்ளிக்கூடம் போயிருந்த பிள்ளைகள் உயிர் தப்பினார்கள். அவர்களில் சிலருக்குத் தாய் தகப்பன் மிஞ்சவில்லை. கொஸ்லாந்தை ஸ்ரீ கணேசா தமிழ் வித்தியாலயத்திலும் பூனாகலைப் பாடசாலையிலும் தங்கியோருக்கு நாடெங்குமிருந்து உணவுப் பொதிகள் வந்து குவிந்தன. அந்தப் பரிவு பெரியது. ஆனால் பொதிகள் நின்ற பிறகுதான் பிள்ளையின் நெடுங்காலப் பசி தொடங்குகிறது. பெரும்பாலும் அதைத் தாங்குவது அம்மம்மாவோ சித்தியோதான். அவர்களாலும் இயலாதபோதே இல்லம்.

சிறுவர் இல்லங்களுக்கென 1941ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டம் உண்டு. இல்லம் நடத்துவோர் மாகாண நன்னடத்தை, சிறுவர் பராமரிப்புத் திணைக்களத்தில் பதிவு செய்ய வேண்டும்.

இனி அடுப்படிக் கணக்கு. ஒரு பிள்ளைக்கு ஒரு வேளைக்கு 100 கிராம் அரிசி என்றால், 30 பிள்ளைகளுக்கு இரண்டு வேளைக்கு 6 கிலோ, மாதத்துக்கு 180 கிலோ. காலை ரொட்டிக்கு மாவும் சம்பலுக்குத் தேங்காயும் தனி. பருப்பு, விறகு, சமையற்காரரின் சம்பளம் எல்லாம் அதன் மேல். இதை நிரப்புவது பெரும்பாலும் நாள் உபயம்: பிறந்தநாள், திவசம், நேர்த்தி என்று ஒரு குடும்பம் ஒரு நாள் சாப்பாட்டை ஏற்கும். தீபாவளிக்கும் தைப்பொங்கலுக்கும் உபயகாரர் போட்டி போடுவார்கள். நடு மாதத்துச் செவ்வாய்க்கிழமைக்கு ஆள் கிடைப்பது அரிது.

கொடுப்பது எது என்பதும் முக்கியம். 2016ஆம் ஆண்டுத் தேசிய ஆய்வின்படி, ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் வயதுக்கேற்ற உயரமில்லாதோர் நாடளவில் 17 வீதம், தோட்டப்புறத்தில் 32 வீதம். அப்படி வளர்ந்து வந்த பிள்ளைக்குக் கேக்கும் லட்டும் போதாது. மரக்கறிச் சாப்பாடு மட்டும் கொடுக்கும் இல்லத்தில் பயறு, கௌப்பி, கடலை, பால், கீரை தினமும் தட்டில் இருக்க வேண்டும்.

ஆகவே உபயம் செய்ய நினைப்பவர்கள் முதலில் இல்லத்தின் நாட்குறிப்பைக் கேட்டுப் பாருங்கள். பெயர் எழுதப்படாத நாள் எதுவோ, அந்த நாளை எடுத்துக்கொள்ளுங்கள்.