அயல்நாட்டுக் கல்வியும் உறைவிடமும்

(வெள்ளி விழா இளைஞர் அரங்கில் ஆற்றப்பெற்ற உரை)



கடல் கடந்து கற்க விழைவோர்க்கு எந்தப் பல்கலைக்கழகம், எந்தப் பாடம், எவ்வளவு உதவித்தொகை என்று எடுத்துரைக்கப் பலர் உளர். சென்றடைந்த அன்றிரவு எங்கே தலைசாய்ப்பது என்று எடுத்துரைப்போர் மிகச் சிலரே. அச்சமின்றி உறங்கவும் அமைதியாகப் படிக்கவும் ஓர் அறை வாய்த்தாலன்றிக் கல்வி கைகூடாது. ஆதலின் உறைவிடத்தைத் தேடிக்கொள்வதும் கல்வியின் ஒரு பகுதியே என்பதை இன்று வலியுறுத்த விரும்புகிறேன்.

அண்ணல் அம்பேத்கரின் வாழ்வே இதற்குச் சான்று. பரோடா மன்னர் அளித்த உதவித்தொகையுடன் 1913 ஜூலையில் அவர் நியூயார்க் சென்றடைந்தார். முதலில் கொலம்பியா பல்கலைக்கழகத்தின் ஹார்ட்லி விடுதியில் தங்கினார். அங்கு உணவு ஒவ்வாமையால், இந்திய மாணவர் சிலர் தங்கியிருந்த 114-ஆம் தெரு இல்லத்திற்குப் பெயர்ந்தார். பின்னர் லிவிங்ஸ்டன் விடுதியில் நவல் பத்தேனா என்னும் பார்சி மாணவரோடு உறைந்தார். அந்த அறைத் தோழமை வாழ்நாள் நட்பாய் வளர்ந்தது. பிற்காலத்தில் பணமுடை நேர்ந்தபோது அந்நண்பரே கைகொடுத்தார். 1920-இல் மீண்டும் லண்டன் சென்று, கிங் ஹென்றி சாலை 10-ஆம் எண் இல்லத்தில் 1921, 1922 ஆண்டுகளில் தங்கியபோது, இரவில் அப்பளமும் ஒரு கோப்பைப் பாலுமே உணவாகப் படித்தார் என்று அவர்தம் வரலாற்றாசிரியர் குறிப்பர். அவ்வில்லத்தை 2015-இல் மகாராஷ்டிர அரசு விலைக்கு வாங்கி நினைவிடமாக்கிற்று.

இவ்விரு பயணங்களுக்கும் இடையே நிகழ்ந்ததை இளைஞர்கள் மறத்தலாகாது. 1917-இல் அவர் பரோடாவுக்குப் பணியேற்கச் சென்றபோது, தங்க ஓர் இடம் கொடுப்பார் இல்லை. பார்சி விடுதியொன்றில் பெயரை மறைத்துத் தங்கினார். செய்தி வெளிப்பட்டதும் தடியேந்திய கூட்டம் அவரை வெளியேற்றிற்று. நியூயார்க்கும் லண்டனும் தந்த அறையைத் தாய்நாடு மறுத்தது.

இன்று நம் மாணவர் முன் நிற்கும் தடை வேறு வடிவினது. நடுவண் அரசின் தேசிய அயல்நாட்டுக் கல்வி உதவித்திட்டம், கல்விக் கட்டணம் நீங்கலாக, வாழ்க்கைச் செலவுக்கென அமெரிக்காவில் ஆண்டுக்கு 15,400 டாலரும், பிரிட்டனில் 9,900 பவுண்டும் வரையறுத்தது. பின்னது திங்களுக்கு 825 பவுண்டாகும். பிரிட்டிஷ் அரசோ, லண்டனில் பயில வருவோர் திங்களுக்கு 1,483 பவுண்டு வீதம் செலவுக்குப் பணம் காட்ட வேண்டுமென 2025 ஜனவரியில் விதித்தது. இவ்விரு தொகைகளின் இடைவெளியைக் கண்ட பின்னரே ஊரைத் தேர்ந்தெடுங்கள். லண்டனுக்கு வெளியிலும் சிறந்த பல்கலைக்கழகங்கள் உள்ளன, வாடகையும் குறைவு.

பல்கலைக்கழக விடுதிகளில் மின்சாரம், தண்ணீர், வெப்பமூட்டல் ஆகியவற்றின் செலவு பெரும்பாலும் வாடகையிலேயே அடங்கும். ஆதலின் இடம் உறுதியான அன்றே விடுதிக்கு விண்ணப்பியுங்கள். தனியார் வீட்டில் தங்க நேர்ந்தால், நேரில் பாராத வீட்டிற்கு முன்பணம் அனுப்பாதீர்கள். இங்கிலாந்தில் 2019 முதல், ஆண்டு வாடகை 50,000 பவுண்டுக்குக் குறைவான வீடுகளுக்கு ஐந்து வார வாடகைக்கு மேல் வைப்புத்தொகை கேட்கச் சட்டம் இடந்தராது. வாடகைதாரர் செலுத்தும் அவ்வைப்புத்தொகையை வீட்டுக்காரர் 30 நாளுக்குள் அரசு ஏற்ற பாதுகாப்புத் திட்டத்தில் சேர்த்தல் வேண்டும். முழுநேர மாணவர் மட்டுமே வாழும் வீட்டிற்கு உள்ளாட்சி வரி இல்லை. ஆயினும் வீட்டுக்காரர் பலர் அந்நாட்டிலேயே வாழும் ஒருவரின் பிணையைக் கேட்பர். முதல் தலைமுறையாகச் செல்லும் நம் பிள்ளைக்கு அங்கே பிணை நிற்க எவர் உளர்?

இன்னொன்றும் சொல்லல் வேண்டும். சாதி கடல் கடந்தும் உடன் வருகிறது. நம் நாட்டவரோடு வீட்டையும் சமையலறையையும் பகிர்ந்துகொள்ளும்போது, பெயரும் ஊரும் உணவும் கேட்டு இடம் மறுப்பவர்கள் அங்கும் இருக்கக்கூடும். அமெரிக்காவில் பிராண்டைஸ் பல்கலைக்கழகம் 2019-இலும், கலிபோர்னியா மாநிலப் பல்கலைக்கழகம் 2022-இலும் சாதிப் பாகுபாட்டைத் தம் விதிகளில் தடை செய்தன; சியாட்டில் மாநகர் 2023-இல் சட்டமே இயற்றிற்று. பிரிட்டிஷ் அரசோ அத்தகைய வெளிப்படையான சட்டம் இயற்றுவதில்லை என 2018-இல் முடிவு செய்தது. எனவே செல்லுமிடத்தின் விதியை அறிந்து செல்லுங்கள். இழிவு நேர்ந்தால் நாள், இடம், சொல் ஆகியவற்றை அன்றே எழுதி வைத்து, மாணவர் சங்கத்திடமும் பல்கலைக்கழக அலுவலரிடமும் முறையிடுங்கள். பெயரை மறைத்து வாழும் நிலை ஒருவருக்கும் வரலாகாது.

சங்கத்தாரிடம் ஒரு வேண்டுகோள் உண்டு. உதவித்தொகையின் முதல் தவணை கைக்கு வருமுன் முதல் மாத வாடகை கேட்கப்படும். அதற்கெனத் திருப்பிச் செலுத்தத்தக்க ஒரு நிதியை இவ்வெள்ளி விழா ஆண்டிலேயே தொடங்குங்கள். அயல்நாட்டில் நிலைபெற்ற நம்மவர் ஆண்டுக்கொரு மாணவர்க்கேனும் பிணை நிற்க முன்வரட்டும். அன்று அண்ணலுக்கு ஒரு நவல் பத்தேனா கிடைத்தார். இன்று செல்லும் நம் பிள்ளைகளுக்கு அந்தத் துணையாக இச்சங்கமே நிற்கட்டும் என்று கேட்டு அமர்கிறேன்.