பண்டிகைப் பலகாரமும் ஒவ்வாமையுள்ள குழந்தையும்

(உரையின் எழுத்து வடிவம்)

விழிஞ்ஞம் என்றவுடன் பலருக்கும் நினைவுக்கு வருவது 2025ஆம் ஆண்டு மே 2ஆம் நாள் நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்ட ஆழ்நீர்த் துறைமுகமாகும். ஆயினும் அது கிறிஸ்தவ, முஸ்லிம் மீனவ மக்கள் தலைமுறை தலைமுறையாகக் கடலை நம்பி வாழ்ந்துவரும் ஊருமாகும். ஓணம், கிறிஸ்துமஸ், பெருநாள் ஆகிய நாட்களில் பலகாரத் தட்டு வீடு விட்டு வீடு செல்வது இக்கடலோரப் பண்பாட்டின் ஓர் அங்கம்.

அத்தட்டைப் பெறும் வீட்டில் கோதுமையோ, பாலோ, நிலக்கடலையோ ஒத்துக்கொள்ளாத குழந்தை ஒன்று இருக்குமாயின், பெற்றோருக்கு மகிழ்ச்சியோடு அச்சமும் எழுகிறது. எதையும் கொடுக்காதிருப்பது எளிது. ஆனால் அக்குழந்தை பண்டிகையிலிருந்தே விலக்கப்பட்டுவிடுகிறது. தெரிந்து தேர்ந்தெடுப்பதே சரியான வழி.

பொதுவாக 'ஒத்துக்கொள்ளவில்லை' எனக் கூறப்படுவதில் மூன்று வேறுபட்ட நிலைகள் அடங்கியுள்ளன. முதலாவது, பாலிலுள்ள லாக்டோஸ் என்னும் சர்க்கரை செரிக்காமை. இது வயிற்று உபாதையோடு நின்றுவிடும். இரண்டாவது, சீலியாக் நோய். கோதுமை, பார்லி போன்றவற்றிலுள்ள குளுட்டன் சிறுகுடலின் உட்சுவரைச் சிதைக்கிறது. மூன்றாவது, ஒவ்வாமை; உடலின் எதிர்ப்பாற்றல் உணவிலுள்ள புரதத்தைப் பகையாகக் கருதிவிடுகிறது. சிறு துணுக்கு நிலக்கடலைகூடச் சிலருக்குச் சில நிமிடங்களில் மூச்சுத் திணறலை உண்டாக்கலாம். அப்போது தாமதமின்றி அட்ரினலின் ஊசி போடப்பட்டு, குழந்தை மருத்துவமனைக்குக் கொண்டு செல்லப்பட வேண்டும்.

இவ்வேறுபாடு பலகாரத் தேர்வையே மாற்றிவிடுகிறது. நெய்யில் லாக்டோஸ் மிகக் குறைவு. ஆகவே லாக்டோஸ் செரிக்காத குழந்தைக்கு நெய்ப்பலகாரம் பெரும்பாலும் தீங்கு செய்வதில்லை. பால் புரத ஒவ்வாமையுள்ள குழந்தைக்கோ அது தவிர்க்கப்பட வேண்டியது. எனவே நிலை எதுவென்று மருத்துவர் வழியாக அறிவதே முதற்படி.

அடுத்தது பொட்டலத்தின் மேலுறை. 2006ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு மற்றும் தரநிலைகள் சட்டத்தின்கீழ் 2020இல் வெளியிடப்பட்ட விதிகள், குளுட்டன் உள்ள தானியங்கள், ஓட்டுடைய கடலுயிரிகள், பால், முட்டை, மீன், நிலக்கடலை மற்றும் கொட்டைப் பருப்புகள், சோயா, கிலோவுக்கு 10 மில்லிகிராமோ அதற்கு மேலோ உள்ள சல்பைட் ஆகியவற்றை உறையில் அறிவிக்கப் பணித்தன. கேக்கிலுள்ள உலர்பழங்களில் சல்பைட் இருக்கக்கூடும். அப்பட்டியலில் எள் இடம்பெறவில்லை. அமெரிக்காவில் 2023ஆம் ஆண்டு முதல் எள்ளையும் அறிவிப்பது கட்டாயம். ஆகவே எள் ஒவ்வாத குழந்தைக்கு ஒவ்வாமை அறிவிப்பு மட்டும் போதாது. உட்பொருள் பட்டியல் முழுவதையும் படித்தல் வேண்டும்.

ஆனால் பண்டிகைப் பலகாரத்திற் பெரும்பகுதிக்கு உறையே இல்லை. உதிரியாக விற்கப்படும் இனிப்புகளின் தட்டில், எந்நாள்வரை உண்ணலாம் என்பதைக் காட்ட வேண்டும் என்ற விதி 2020 அக்டோபர் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. நாள் தெரிந்தாலும் உட்பொருள் தெரிவதில்லை. அதனைக் கேட்டே அறிய வேண்டும்.

பிளம் கேக்கில் மைதா, முட்டை, வெண்ணெய், முந்திரி ஆகியன சேர்கின்றன. அச்சப்பம் அரிசிமாவிலும் தேங்காய்ப்பாலிலும் செய்யப்படுவது. எனினும் அதில் முட்டையும் எள்ளும் சேர்ப்பவர் உண்டு. நேந்திரங்காய், வெல்லம், சுக்கு, ஏலம் கொண்டு செய்யும் சர்க்கரை வரட்டி பல குழந்தைகளுக்கு ஏற்றது. அதையும் எந்த எண்ணெயில் பொரித்தார்கள் என வினவுதல் நன்று. கோதுமை அரைத்த இயந்திரத்திலேயே அரைத்த அரிசிமாவு, சீலியாக் நோயுள்ள குழந்தைக்கு ஆகாது. 'குளுட்டன் அற்றது' எனப்படும் உணவில் குளுட்டன் கிலோவுக்கு 20 மில்லிகிராமுக்கு மிகக்கூடாது என்பதே தரநிலை.

இதில் அலுவலர்களுக்கும் மாணவர்களுக்கும் பணியுண்டு. பண்டிகைக் காலத்தில் பலகாரம் செய்து விற்கும் குடும்பஸ்ரீ மகளிர் குழுக்களும் சிறு பேக்கரிகளும், சேர்க்கப்பட்ட பொருள்களைக் கையால் எழுதிய ஓர் அட்டையைத் தட்டின் அருகில் வைக்குமாறு ஊக்குவிக்கலாம். பள்ளிகளில், ஒவ்வாமையுள்ள தோழனை உண்ணுமாறு வற்புறுத்தலாகாது என்பதைக் கற்பிக்கலாம். இவற்றிற்குப் பெருஞ்செலவு ஏதுமில்லை. அண்டை வீட்டுத் தட்டு வரும்போது, 'இதில் என்ன சேர்த்தீர்கள்?' என்று தாய் கேட்பது குறை காண்பதாகாது. தட்டைக் கொடுப்பவரே அதனை முன்வந்து சொல்லும் வழக்கம் வேரூன்றுமாயின், அக்குழந்தையும் மற்றக் குழந்தைகளோடு அமர்ந்து பண்டிகை கொண்டாடும்.