தில்லியின் நெரிசல் கோடு

நெரிசல் கட்டணம் என்றதும் எல்லோரும் கேட்பது "எவ்வளவு?" என்றுதான். எந்தச் சாலையைத் தாண்டினால் கட்டணம் என்பதை யாரும் அவ்வளவாகக் கேட்பதில்லை. தில்லியின் போக்குவரத்துத் துறை 2024 அக்டோபரில் ஒரு யோசனை சொன்னது. காலை 8 முதல் 10 வரை, மாலை ஐந்தரை முதல் ஏழரை வரை, 13 எல்லை வாயில்கள் வழியாக நகருக்குள் வரும் வண்டிகளிடம் வசூலிக்கலாம் என்பது அது. அந்தக் கோடு தப்பான இடத்தில் விழுந்திருக்கிறது என்பது என் கருத்து. மாநில எல்லையிலிருந்து அதை, நகரின் நடுப்பகுதியைச் சுற்றி ஓடும் ரிங் ரோட்டுக்கு உள்ளே நகர்த்த வேண்டும்.

எல்லையில் வசூல் என்ற எண்ணத்துக்கு நல்லதொரு முன்னோடி உண்டு. தில்லியில் இறக்க ஒரு மூட்டைகூட இல்லாத வெளிமாநில லாரிகள், செலவு குறைவு என்பதால் நகரத்தை ஊடுருவிப் போய்க்கொண்டிருந்தன. 2015 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் சரக்கு வண்டிகளுக்குச் சுற்றுச்சூழல் இழப்பீட்டுக் கட்டணம் விதித்தது: சிறியவற்றுக்கு 700 ரூபாய், மூன்று அச்சும் அதற்கு மேலும் உள்ளவற்றுக்கு 1,300 ரூபாய். டிசம்பரிலேயே இரண்டும் இரட்டிப்பாயின. 2018-இல் கிழக்குப் புறவழி விரைவுச்சாலையும், மேற்கே குண்ட்லி–மானேசர்–பல்வல் சாலையும் முழுமையடைந்ததும் சுற்றிப்போக வழியும் கிடைத்துவிட்டது. கடந்து மட்டும் போகிறவர்களைத் தடுக்க வாசலில் நிற்பதுதான் சரி. லாரிகளுக்கு அந்தக் கோடு அங்கேயே இருக்கட்டும்.

காரில் வேலைக்குப் போகிறவர் விஷயம் வேறு. ஹரியாணாவின் குருகிராமிலிருந்து கன்னாட் பிளேஸ் வருகிறவருக்குப் புறவழிச் சாலையால் பயனில்லை. அவர் போக வேண்டியதே நகர நடுவுக்கு. தில்லிக்குள்ளேயே இருக்கும் நரேலாவிலிருந்து அங்கே வருகிறவரும் ஏறக்குறைய அதே தூரம் ஓட்டுகிறார், அதே அளவு சாலையை அடைக்கிறார். ஆனால் எல்லையைத் தாண்டாததால் ஒரு பைசா கொடுக்க வேண்டாம். உத்தரப் பிரதேசத்தின் நொய்டாவிலிருந்து அடுத்திருக்கும் மயூர் விஹாருக்குப் பிள்ளையைப் பள்ளியில் விட வருகிறவரோ கட்டியாக வேண்டும். இது நெரிசலுக்கான கட்டணமா, அண்டை மாநிலப் பதிவெண்ணுக்கான அபராதமா? போதாக்குறைக்கு, எல்லையில் வசூலிப்பதே வண்டிகளைத் தேக்குகிறது. 2025 டிசம்பரில், தில்லி எல்லையிலுள்ள ஒன்பது சுங்கச்சாவடிகளைத் தற்காலிகமாக மூடவோ இடம் மாற்றவோ முடியுமா என்று பார்க்கும்படி உச்ச நீதிமன்றமே சொன்னது.

ரிங் ரோட்டை எல்லையாக வைத்து, அந்தச் சாலைக்கு மட்டும் கட்டணம் இல்லாமல் விட்டால் என்ன ஆகும்? உள்ளே வேலை இல்லாதவர் சுற்றிப் போகலாம். லண்டன் 2003-இல் தன் உள்வட்டச் சாலையை அப்படித்தான் விட்டது. உள்ளே போகிறவருக்கு, மேற்கிலும் தெற்கிலும் ரிங் ரோட்டை ஒட்டியே ஓடும் மெட்ரோவின் பிங்க் லைன் இருக்கிறது. ரிங் ரோட்டின் ஆஷ்ரம், தௌலா குவான் சந்திப்புகளில் இப்போதே நகர முடியவில்லையே, மிச்ச வண்டிகளும் அங்கே போய்ச் சேராதா என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. ஸ்டாக்ஹோமும், உள்ளே வேலை இல்லாதவர் சுற்றிப் போகட்டும் என்று, 2007-இல் எஸ்சிங்கெலேடன் என்ற புறவழியை இலவசமாக விட்டது. 2016-இல் அதற்கும் கட்டணம் போட்டது. முதலில் விட்டுப் பார்ப்பது, பிறகு திருத்துவது. ஏழைகள் பாதிக்கப்படுவார்கள் என்ற வாதத்தை நான் அவ்வளவாக மதிக்கவில்லை. அவர்கள் போகும் பேருந்தைத்தான் இந்தக் கார்கள் மறித்து நிற்கின்றன. இருசக்கர வண்டிகளுக்கு மட்டும் தொடக்கத்தில் விலக்கு கொடுக்கலாம். கார்க்காரர் பைக்குக்கு மாறிவிடும் ஆபத்து அதில் இருக்கத்தான் செய்கிறது.

உண்மையான ஆபத்து, கோட்டுக்கு உள்ளே குடியிருப்பவர்களுக்குத் தரும் சலுகையில் இருக்கிறது. 2007-இல் லண்டன் தன் மண்டலத்தை மேற்கே கென்சிங்டன், செல்சி வரை நீட்டியது. புதிதாக உள்ளே வந்த குடியிருப்பாளர்களுக்கு 90 சதவீதத் தள்ளுபடி கிடைத்தது. முன்பு நகர நடுவுக்குள் நுழைய முழுக் கட்டணம் கட்டியவர்கள், இப்போது பத்தில் ஒரு பங்கில் காரை ஓட்டிவந்தார்கள். பணக்காரப் பகுதிக்குக் கிடைத்த இந்தச் சலுகையைத் தில்லிக்குப் பொருத்திப் பாருங்கள். ரிங் ரோட்டுக்கு உள்ளேதான் லுட்யன்ஸ் பகுதியின் அமைச்சர், எம்.பி. பங்களாக்கள் இருக்கின்றன. பதிவெண்ணின் கடைசி இலக்கப்படி கார்களை ஒரு நாள் விட்டு ஒரு நாள் ஓட்டவிட்ட 2016-இன் ஒற்றைப்படை–இரட்டைப்படைத் திட்டத்தில் விலக்குப் பட்டியல் எவ்வளவு நீண்டது என்பது தில்லிவாசிகளுக்கு நினைவிருக்கும். ஆகவே குடியிருப்போர் தள்ளுபடியும் வேண்டாம், அரசு வண்டி விலக்கும் வேண்டாம். ஆம்புலன்ஸ், தீயணைப்பு வண்டி, பேருந்து போதும்.

இன்னொரு வசதியும் உண்டு. இந்தக் கோடு முழுக்கத் தில்லிக்குள்ளேயே அமைவதால் ஹரியாணாவோடும் உத்தரப் பிரதேசத்தோடும் இழுபறி குறையும். ஆனால் உள்ளே மாநகராட்சி, புது தில்லி நகராட்சி மன்றம், மத்திய உள்துறையின் கீழுள்ள காவல்துறை என்று பல கைகள். கோட்டை மாற்றும் அதிகாரம் எந்தக் கையில் என்பதைச் சட்டத்தில் பெயர் சொல்லி எழுத வேண்டும். லண்டனில் அது மேயரிடம் இருந்தது. அதனால்தான் ஒரு மேயரால் மேற்கு மண்டலத்தைச் சேர்க்கவும், அடுத்து வந்தவரால் நான்கே ஆண்டுகளில் அதை எடுத்துவிடவும் முடிந்தது.