கஞ்சித் தொட்டியும் கீர்த்தனையும்: வேதநாயகம் பிள்ளையின் அறநெறி

 

மாயூரம் முன்சீப் வேதநாயகம் பிள்ளை (1826 - 1889) என்றவுடன் 1879-இல் வெளிவந்த 'பிரதாப முதலியார் சரித்திரம்' நினைவுக்கு வருகிறது. தமிழின் முதல் நாவலாசிரியர் என்ற ஒரு தொடரோடு இலக்கிய வரலாறுகள் அவரை விட்டுவிடுகின்றன. தேர்வு எழுதுவோர்க்கு அது போதும். ஆனால், கத்தோலிக்கக் கிறித்தவராகிய அவருடைய இறைநம்பிக்கை எங்கே செயலாயிற்று என்று காண விழைவோர் நாவலுக்குச் சற்று முன்னே செல்ல வேண்டும்.

1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தை வாட்டிய கொடும்பஞ்சத்தைத் தாது வருடப் பஞ்சம் என்று மக்கள் இன்றும் குறிப்பர். மாண்டவர் பல இலட்சம் பேர். நிவாரண வேலைக்கு வந்தோர்க்கு நாளொன்றுக்கு ஒன்றரை ராத்தலாக இருந்த தானிய அளவை 1877-இல் ஒரு ராத்தலாகக் குறைக்கச் செய்தார் சர் ரிச்சர்டு டெம்பிள். உழைப்பவன் உயிர் தாங்க அது போதாதென்று மாகாணச் சுகாதார ஆணையர் கார்னிஷ் வாதிட்டார். பசியைத் தராசில் நிறுத்துப் பார்த்த காலம் அது! காவிரிப் பாசனத்தால் தஞ்சைப் பகுதி ஓரளவு தப்பியதாயினும், ஏழையை வருத்தும் விலையேற்றத்திற்குத் தப்பவில்லை.

அந்நாளில் மாயூரத்தில் வேதநாயகர் தம் கைப்பொருளைச் செலவிட்டுக் கஞ்சித் தொட்டிகள் அமைத்தார். பசித்தோர்க்கு அளித்தது தமக்கே அளித்தது என்று இயேசு இறுதித் தீர்ப்பைப் பற்றிக் கூறியதை மத்தேயு நற்செய்தியின் 25-ஆம் அதிகாரம் உரைக்கிறது. அத்தீர்ப்பில் கேட்கப்படுவது வழிபாட்டுக் கணக்கன்று, சோற்றுக் கணக்கு. நீதிமன்ற நாற்காலியில் ஆண்டுகள் பல அமர்ந்த ஒருவருக்கு இக்காட்சி ஏனையோர்க்குப் படுவதினும் ஆழமாகவே பட்டிருக்கும். மணிமேகலையை அறிந்த நமக்கும் இது புதிதன்று. சிறைக்கோட்டம் அறக்கோட்டமான கதையைச் சொன்ன மொழியல்லவா இது!

வேதநாயகரின் கொடைக்குச் சான்று பகர்ந்தவர் யார் என்பதே இங்கு எண்ணத்தக்கது. பாதிரிமார் அல்லர், சைவராகிய கோபாலகிருஷ்ண பாரதியார். நந்தனார் என்னும் பண்ணையாளின் பக்தியைச் சரித்திரக் கீர்த்தனையாக்கிய அதே பாரதியார், இக்கிறித்தவரை மேருவுக்கு ஒப்பிட்டுக் கீர்த்தனை பாடினார். மறுபுறம், திருவாவடுதுறை ஆதீனகர்த்தர் சுப்பிரமணிய தேசிகரை வேதநாயகர் செய்யுளால் போற்றினார். உள்ளதைச் சொன்னால், மேடைகளில் இன்று சமய நல்லிணக்கம் பேசுவோர் பலர் இத்தனை தூரம் நடந்ததில்லை. பஞ்சம் நிலவிய 1878-இலேயே அவருடைய 'சர்வ சமய சமரசக் கீர்த்தனைகள்' வெளிவந்தது. பஞ்சம் தீர இறைவனை இறைஞ்சும் பாடல்களும் அவர் பாடியுள்ளார். கிறித்தவப் பொருளில் 'சத்திய வேதக் கீர்த்தனைகள்' பாடியவர், பசித்தவர் அனைவரும் பாடத்தக்க மொழியையும் தேடினார் எனல் பொருந்தும்.

கஞ்சி வார்ப்பதோடு அவருடைய அறம் நின்றுவிடவில்லை. ஏழைக்கு விளங்காத மொழியில் வழக்கு நடப்பதும் ஒரு பஞ்சமே எனக் கருதியவர் அவர். 1805 முதல் 1861 வரையிலான சதர் கோர்ட் தீர்ப்புகளைத் தமிழாக்கிச் 'சித்தாந்த சங்கிரகம்' என வெளியிட்டார். ஊர் மன்றில் தமிழே வழங்க வேண்டும் என்ற வாதத்தை நாவலுக்குள்ளும் கொண்டுவந்தார். 'நீதி நூல்' (1859) கைக்கூலியைத் தனியே எடுத்துக் கடிகிறது. கையூட்டால் முதலில் வீழ்பவன் கொடுக்க ஒன்றுமில்லாதவன் என்பதை வழக்காடிகளை நேரில் கண்ட முன்சீப் அறிவார்.

குறையொன்றும் உண்டு. அவருடைய நாவலில் ஏழையர் பெரும்பாலும் செல்வரின் ஈகையைப் பெறுவோராகவே வருகின்றனர். தம் குரலில் பேசுவது அரிது. நிலவுடைமைச் சமூகத்தின் கண் அது. பஞ்ச காலத்தில் தொட்டியருகே நின்றவரைக் கண்ட எழுத்தாளர், அடுத்த ஆண்டே வெளியிட்ட கதையில் அவர்களுள் ஒருவரையேனும் முதன்மைப் பாத்திரம் ஆக்கவில்லை. கீர்த்தனையில் பஞ்சம் நுழைந்த அளவு உரைநடையில் நுழையாதது ஏன் என்ற வினாவை இவ்வட்டத்தின் கவிஞர்களும் நாவல் ஆய்வோரும் எடுத்துக்கொள்ளலாம். பாடலுக்கு வாய்த்த நெருக்கம் புதிதாய்ப் பிறந்த வசன காவியத்துக்கு அன்று வாய்க்கவில்லை போலும்.